புதன்கிழமைச் சாவி

வூப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்.
கீழே ஆறு, மேலே சக்கரம்,
நடுவில் நாங்கள், பழுக்கப் போட்ட குலை மாதிரி.
வேலை முடிந்து அதிலேதான் வருவேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து நீராவி
இன்னும் தலைமயிரில் இருக்கும்.
பையில் அரைப் பாண், மடித்த ஜெபக்குறிப்பு.

மண்டபத்துச் சாவி இர்ம்கார்ட் அம்மாவிடம்.
எண்பத்தொரு வயது. மழையோ பனியோ
புதன்கிழமை ஆறு மணிக்கு வாசலில் நிற்பா.
ஞாயிறு காலை அவர்களுடைய சபைக்குப் பதினொரு பேர்;
அதில் இரண்டு பேர் ஓர்கன் வாசிக்கிறவரும் மனைவியும்.
பின்னேரம் எங்களுக்குக் கதிரை போதாது.
இதை நாங்கள் பெருமையாய்ச் சொல்வதில்லை.
சொல்வதில்லை என்பதும் பெருமைதான், ஆண்டவரே.

இந்தக் கிழமை ஐந்து பெயர்.
வட்டக்கச்சியில் நத்தானியேல் போதகர்:
மோட்டச்சைக்கிளுக்கு முன் டயர் இல்லை.
இதற்கெல்லாம் ஜெபமா என்று யாரோ முணுமுணுக்க
"நற்செய்தி காற்றில் போகாது, டயரில்தான் போகும்"
என்றார் தவராசா அண்ணன். ஆமென் என்றோம்.
முள்ளியவளையில் பெனீனா அக்கா:
பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த இடத்தில்
பாயைச் சுருட்டச் சொன்னார்களாம்.
சுருட்டினா. அடுத்த மரத்தடியில் விரித்தா.
சுருட்டச் சொன்னவர்களுடைய பெயர்களையும்
எங்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறா,
அவர்களுடைய வீட்டுச் சுகத்துக்காக.
மூன்றாவது ஒரு பெடியன், முதல் ஊழியம்,
இரவில் வீட்டை நினைத்து அழுகிறானாம்.
ஐந்தாவது எங்கள் போதகர், கடைசியில், சின்ன எழுத்தில்:
தொண்டை. குரல் திரும்ப வரவேண்டும்.

நாலாவதைத் தாண்டிவிட்டேன், பார்த்தீரா.
எட்வின் ரத்தினம். எசன் நகரத்துப் பெரிய கூட்டம்.
விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு என்று
அவர் மேடையில் கேட்டார்.
என் தம்பி அதைக் கேள்வி என்று நினைக்கவில்லை.
மூன்று மாதம். பிறகு நாங்கள் கறுப்பு உடுத்தோம்.

உம்முடைய வார்த்தை எங்கும் போகட்டும் என்று
வாய் நிறையக் கேட்கிறேன்.
அந்த வாயாலும் போகட்டும் என்று
எப்படிக் கேட்பேன்?
எனக்குத் தெரிந்தது சலவை மட்டும்.
விரிப்பை மடிக்கும் முன் உள்ளங்கையால் தடவுவோம்,
ஏதாவது ஊசி மறந்து கிடக்கிறதா என்று.
போதிக்கிறவர்களுக்கு அந்தக் கையைத் தாரும்.
வேறு வரம் பிறகு பார்க்கலாம்.

அன்று இர்ம்கார்ட் அம்மா பின்வரிசையில் இருந்தா.
தமிழில் அவவுக்கு இரண்டு சொல் தெரியும்,
இயேசு, ஆமென். அதுவரைக்கும் காத்திருப்பா.
முடிந்ததும் பத்திரிகைத்தாளைப் பிரித்து
ஒரு பெட்டியை மேசையில் வைத்தா.
மேலே முழங்காலில் ஒரு சாந்துப் பிள்ளை,
கைகூப்பி, என் நிறத்தில்.
"காசு போட்டால் நன்றி என்று தலையாட்டும்.
சிறுவயதில் ஞாயிறுதோறும் போட்டேன், உங்களுக்காக.
உங்களுக்குப் பெயர் இருக்கும் என்று நினைக்கவில்லை."
காது சிவந்திருந்தது அவவுக்கு.

யாரும் பேசவில்லை.
தவராசா அண்ணனின் மகள் ஒரு யூரோ எடுத்துப் போட்டாள்.
துவாரம் பத்தவில்லை. காசு உருண்டு கதிரைக்குக் கீழே போக
எல்லாருமாய்க் குனிந்து தேடினோம், அவவும்.
அந்தச் சாந்துத் தலை மட்டும் அசையவேயில்லை.

குனிந்த இடத்திலேயே கேட்டா:
"உங்கள் தாளில் இன்னொரு பெயர் எழுதலாமா?
திலோ. என் பேரன். ரெம்ஷைட்டில் இருக்கிறான்.
நான் சொன்னால் கேட்கமாட்டான்.
யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள்."

எழுதினேன். ஆறாவது. தமிழில்: தி, லோ.
பேனா நகரவில்லை; திரும்பி நாலாவதில் நின்றது.

இரவு ரயில். ஆற்றில் விளக்குகள் நனைந்தன.
எட்வின் ரத்தினம், என்றேன், கண்ணாடியைப் பார்த்து.
அவ்வளவுதான். பெயர் மட்டும்.
மிச்சத்தை நீரே சொல்லும்.
ஆமென் சொல்ல வாய் திறந்தேன்.
ஆட்லர் பாலத்தில் கதவு திறந்தது,
இறங்க வேண்டியிருந்தது.